பெயர் போடாத கட்டுரை

"மேடம், கட்டுரை முடிஞ்சிருச்சு. எழுதினது யாருன்னுதான் இன்னும் முடிவாகலை."

ஜெபராணி கையிலிருந்த டீ டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"கட்டுரை எதைப் பத்தி, சார்?"

"ஒரு கட்டுரையை எழுதினவர்னா யாரு, ஒவ்வொரு துறையிலயும் அதுக்கு என்ன அர்த்தம்கிறதைப் பத்தி."

அவ்வளவுதான். ஜெபராணி சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து அறை விலங்கியல்காரர்கள் எட்டிப் பார்க்கும் வரைக்கும் சிரித்தார். பிறகு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க, சார். நீங்க சொல்லுங்க" என்றார்.

வீரபாகுவுக்குக் கோபம். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்தார்.

வீரபாகுவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய புத்தகங்களை அடுக்கியவருக்கு, கடைசிக் காலத்தில் தாமும் ஒன்றை எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். கைடாகக் கிடைத்தவர் ஜெபராணி. அவர் வீரபாகுவைவிடப் பதினேழு வயது சின்னவர். அதனால் அவர் இவரைச் சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். இருவரும் ஒருவரையொருவர் உட்காரச் சொல்லிச் சொல்லியே பாதி நேரம் நின்றுகொண்டிருப்பார்கள்.

"சிக்கல் என்னன்னா, மேடம்," என்றார் வீரபாகு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "ஆய்வுப் பத்திரிகையில நான் ஃபர்ஸ்ட் ஆத்தரா, முதல் பேரா, ஒரு கட்டுரை வந்தாத்தான் தீசிஸையே வாங்குவாங்க. மார்ச்சோட என் பதிவு முடியுது. இனிமே நீட்டிப்புக் கிடையாதுன்னு அலுவலகத்துல சொல்லிட்டாங்க."

"தெரியும், சார்."

"மூணு பேராசிரியர்களைச் சேர்த்துக்கிட்டேன். மூணு பேரும் ஆளுக்கொரு வரிசை சொல்றாங்க. எந்த வரிசையிலயும் நான் முதல்ல வரலை."

"போய்க் கேட்டீங்களா?"

"கேட்டேன், மேடம். கேட்டதுனாலதான் வந்திருக்கேன்."

*

முதலில் போனது வேதியியல் துறைக்கு. ரத்தினசபாபதி அங்கே துறைத்தலைவர். லேப்பில் ஒரு குடுவை உடைந்தால்கூடச் செந்தமிழில்தான் திட்டுவார்.

"என் பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வீரபாகு. என்னைக் கடைசியில் போடுங்கள்."

எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு அடக்கம் என்று நினைத்து வீரபாகு கைகூப்பினார்.

பக்கத்தில் நின்ற ஆய்வக உதவியாளர் காதில் சொன்னார்: "சார், எங்க துறையில கடைசிப் பேருதான் ராஜா பேரு. லேப் யாருதோ அவரு பேரு. முதல் பேரு, ராப்பகலா நின்னு வேலை செஞ்சவன் பேரு."

கூப்பிய கையை வீரபாகு மெல்ல இறக்கினார்.

"முதல் இடம் எனக்குன்னா சரிதானே, ஐயா?"

"நீங்கள் என் லேப்பில் நின்றீர்களா?"

"நூலகத்துல உட்கார்ந்திருந்தேன்."

"நின்றவருக்குத்தான் முதலிடம்," என்றார் ரத்தினசபாபதி.

அடுத்தது கணிதத் துறை. ஏழுமலை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எதைக் கேட்டாலும் துடைத்து முடித்துவிட்டுத்தான் பதில் வரும்.

"இதுல இன்னா சார் சண்டை? எங்களுக்கு எப்பவும் அகரவரிசைதான். யாரு பெருசு, யாரு சிறுசுன்ற பேச்சே கிடையாது. நிம்மதி."

"அகரவரிசைன்னா உமையாள் மேடம் முதல்ல வருவாங்க. அப்புறம் நீங்க. அப்புறம் ரத்தினசபாபதி ஐயா. நான் கடைசி."

"இங்கிலீஷ் அகரவரிசைல போட்டீங்கன்னா நான் முதல்ல வந்துடுவேன்," என்றார் ஏழுமலை. "சும்மா சொன்னேன். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

"எந்த வரிசையில போட்டாலும் நான் கடைசியிலதானே நிக்கிறேன்?"

ஏழுமலை மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். "ஆமா சார். பாவம்தான்."

கடைசியாக வரலாற்றுத் துறை. உமையாள் செப்பேடுகளைப் படிப்பவர். அவர் அறைக்குள் செருப்போடு யாரும் போவதில்லை. அவர் சொன்னதில்லை, ஆனாலும் போவதில்லை.

"ஒரு கட்டுரைக்கு நாலு பேரா? எங்க துறையில நாலு பேர் இருந்தா அதுக்குக் கல்யாணப் பத்திரிகைன்னு பேரு."

"அப்ப எத்தனை பேர் போடலாம், மேடம்?"

"ஒண்ணு. எழுதினது ஒருத்தராத்தான் இருக்க முடியும்."

வீரபாகுவுக்கு உயிர் வந்தது. "அந்த ஒருத்தர்?"

"முன்னுரையை யார் எழுதினா? முடிவுரையை யார் எழுதினா? நடுவுல கிடந்த உங்க வாக்கியத்தையெல்லாம் உட்கார்ந்து சீவி எடுத்தது யாரு?"

"நீங்கதான், மேடம்."

"நானா எதுவும் சொல்லலை," என்றார் உமையாள்.

*

இவ்வளவையும் கேட்ட ஜெபராணி கட்டுரையை வாங்கினார். முதல் பக்கத்தில் பெயர்களுக்கு என்று விட்டிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"இந்தக் கட்டுரை யாருக்கு வேணும், சார்?"

"எல்லாருக்கும் வேணும், மேடம். அதுதானே சிக்கல்!"

"அப்ப இப்படியே அனுப்புங்க."

"பேர் இல்லாமயா?"

"மதிப்பீடு பண்ற ரிவியூவருக்கு எப்படியும் பேர் தெரியக் கூடாது. ஏத்துக்கிட்ட பிறகு பத்திரிகைக்காரங்க கேட்பாங்க. அப்பக் கொடுத்தாப் போதும்."

"அப்பவும் இதே சண்டைதானே வரும்?"

"அதுக்குள்ள இது யாருக்கும் வேண்டாத ஒரு நாள் வரும். அன்னிக்கு வாங்க."

வீரபாகுவுக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. நூலகர் அவர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கேட்டால் சட்டென்று பதில் வர வேண்டும். இந்த அம்மா மட்டும் கேட்ட அலமாரியை விட்டுவிட்டு வேறு எதையாவது காட்டும்.

ஆனாலும் அனுப்பினார்.

*

பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று பத்திரிகையிலிருந்து மெயில் வந்தது. யாரென்று தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் பொறுமையாகப் படித்து, அதைவிடப் பொறுமையாக எழுதியிருந்தார்.

"நான்காம் பக்கத்தில், கணிதத் துறையினர் தங்கள் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம் என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் பக்கத்து அட்டவணையில், முதல் பெயர்க்காரரே அதிகம் உழைத்தவர் என்று கொண்டு எல்லோருக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். அதன்படி, கணிதத்தில் அ, ஆ என்று தொடங்கும் பெயர் உடையவர்கள் மாடாய் உழைக்கிறார்கள். வ என்று தொடங்குபவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்."

வ என்று தொடங்கும் வீரபாகுவுக்குச் சுருக்கென்றது.

"வேதியியலில் துறைத்தலைவர்கள் ஒரு வேலையும் செய்வதில்லை என்றும் இந்த அட்டவணை சொல்கிறது. அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் சான்று வேண்டும்.

நான்காம் பக்கத்தை எழுதியவரும் ஒன்பதாம் பக்கத்தை எழுதியவரும் ஒருவரையொருவர் சந்தித்ததுண்டா என்று அறிய ஆவல்."

கீழே பத்திரிகை ஆசிரியர் குழு ஒரு வரி சேர்த்திருந்தது. ஒரு வாரத்துக்குள் விளக்கம் வேண்டும். விளக்கம் தருபவர் தம் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

வீரபாகு ஏழுமலைக்குப் போன் செய்தார்.

"அடடா," என்றார் ஏழுமலை. பின்னால் கரும்பலகை துடைக்கும் சத்தம் கேட்டது. "சார், கட்டுரை எழுதினவங்க பேரே நீங்க எனக்குக் கொடுக்கலியே. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டுத்தானே கொடுத்தீங்க? நம்பருக்கு நான் கணக்குப் போட்டேன். கிராஃப் போட்டேன், கோடு அழகா சரிஞ்சு எறங்குச்சு. ஏன் எறங்குதுன்னு நான் கேக்கல. கூட்டல் கழித்தல்ல தப்பு இருந்தா சொல்லுங்க."

"அதுல தப்பில்லை."

"அப்ப என்னுது இல்ல சார். ஒண்ணு செய்யுங்க. அந்த அட்டவணையையே எடுத்துடுங்க. யாருக்கு இன்னா தெரியப் போவுது? படிக்கிறவங்களுக்கும் ஒரு பக்கம் மிச்சம்."

ரத்தினசபாபதி நேரிலேயே கையை உதறினார்.

"முதல் பெயருக்கு மூன்று, அடுத்ததற்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஒன்று என்று நான் சொன்னது உண்மை. எங்கள் கடைசிப் பெயருக்கு மதிப்பெண் போடுவது மரியாதையில்லை என்று சொன்னதும் உண்மை. ஆனால் அது யோசனை. யோசனை வேறு, கட்டுரை வேறு. என் பெயரைப் போடாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, வீரபாகு. போடாதிருந்தால் மகிழ்ச்சி."

உமையாளிடம் போனபோது அவர் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"என்னது நடை மட்டும்தானே?"

"'முதற்பெயர் என்பது வியர்வையின் முத்திரை'ன்னு அந்த அட்டவணைக்குக் கீழ எழுதியிருக்கீங்க, மேடம்."

"வாக்கியம் நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"அப்ப என்ன? பொருள் உங்களோடது," என்றார் உமையாள்.

*

"மேடம்," என்றார் வீரபாகு. "இன்னிக்கு இது யாருக்கும் வேண்டாம்."

ஜெபராணி மதிப்பீட்டை வாங்கிப் படித்தார். துறைத்தலைவர்கள் பற்றிய வரி வந்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். முழுக்கப் படித்து முடித்ததும் சிரிப்பு இல்லை.

"தப்பு யாரோடது, சார்?"

வீரபாகு யோசித்தார். நேற்றிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"எங்க நூலகத்துல ஒரு புத்தகத்தை மூணு பேர் எழுதியிருந்தா முதல் பேர்லதான் கேட்டலாக் அட்டை போடுவோம். மத்தவங்க 'மற்றும் பிறர்'. முப்பது வருஷமா அப்படிப் பழகின கை. முதல் பேர்னா முக்கியமானவர்னு நானா நினைச்சுக்கிட்டேன். அந்த நினைப்புக்கு வேதியியல் ஐயா மதிப்பெண் கொடுத்தார். அதை ஏழுமலை சார் கோடாப் போட்டார். உமையாள் மேடம் அதுக்குப் பொன்முலாம் பூசினாங்க."

"அப்புறம்?"

அப்புறம் ஒரு ஆள் பாக்கி இருந்தது. அனுப்புவதற்கு முன் கட்டுரை முழுவதையும் படித்து, கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் 'நன்று' என்று எழுதி, கைடு என்ற முறையில் கையெழுத்துப் போட்டவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்ல வீரபாகுவுக்கு நாக்கின் நுனி வரை வந்தது. கைடிடம் அப்படிப் பேசலாமா? மார்ச் வேறு வருகிறது. விழுங்கிக்கொண்டார்.

"அவ்வளவுதான், மேடம்."

ஜெபராணி எழுந்தார். தமது நாற்காலியை இவர் பக்கம் திருப்பி வைத்தார். கம்ப்யூட்டரில் பத்திரிகைக்கு விளக்கம் எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்தார்.

"உட்காருங்க, சார்."

"நீங்க உட்காருங்க, மேடம்."

"நான் டீ குடிச்சிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

வீரபாகு முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உயரம் கொஞ்சம் அதிகம். கால் தரையில் சரியாகப் படவில்லை.

அட்டவணையை எடுத்துவிடலாம். ஏழுமலை சொன்னதில் நியாயம் இருந்தது. பக்கமும் குறையும், பதிவும் தப்பும், பட்டமும் வரும். மனைவி அதற்காக வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவையும் ஒருநாள் வெளியே வரும்.

எடுத்துவிட்டால் தப்பு போய்விடுமா என்றும் யோசித்தார். நூலகத்தில் கிழிந்த பக்கத்தைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். யாரோ தமக்குப் பிடிக்காத பக்கத்தைக் கிழித்திருப்பார்கள். அடுத்து வருபவன் எட்டாம் பக்கத்திலிருந்து பத்துக்குத் தாவி, நடுவில் என்ன இருந்தது என்று தெரியாமல் விழிப்பான்.

மார்ச் போனால் போகட்டும் என்று அவர் நினைக்கவில்லை. போகக் கூடாது என்றுதான் நினைத்தார். அழுகையாகக்கூட வந்தது. ஆனாலும் எழுதினார்.

"ஒன்பதாம் பக்கத்துத் தவறு என்னுடையது. நான்காம் பக்கமும் நான் எழுதியதுதான். இருவரும் சந்தித்ததில்லை. ஒவ்வொரு துறையின் வழக்கத்தையும் அந்தத் துறையினரிடமே கேட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணித் தருகிறேன். தனியாளாகச் செய்வதால் கோடை வரை ஆகலாம். பொறுத்தருள வேண்டும். வீரபாகு, நூலகர்."

சேர்ந்து செய்த வேலை என்பதால் மற்ற மூன்று பேருக்கும் ஒரு நகல் அனுப்பினார். ஜெபராணி டீ குடித்து முடித்து வருவதற்குள் நூலகத்துக்குப் போய்விட்டார்.

*

மறுநாள் காலை நூலகத்தைத் திறக்க வந்தபோது வாசலில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். சட்டையில் சுண்ணாம்புத் தூள்.

"இன்னா சார் இது? என் தப்பை நீங்க எப்படி எடுத்துக்கலாம்?"

"உங்க தப்பா? உங்களோடது இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். மெயிலைப் படிச்சேன், சோறு எறங்கல. எங்க ஆளுங்க மொத்தப் பேரும் அகரவரிசைல பேரு போடுறவங்க. நானும் போடுறவன். அந்தக் கோடு சரிஞ்சு எறங்கறப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். நம்பரைப் பாத்தேன், நம்பருக்குப் பின்னாடி யாருன்னு பாக்கல. கணக்குல ஒரு வரி பொய்யின்னா மேல பேரு போட்ட அத்தினி பேரும்தான் பொய்யி. அதுக்குத்தான் சார் எங்கள்ல பெருசு சிறுசு இல்ல."

வீரபாகு பூட்டைத் திறந்தார். "உள்ள வாங்க," என்றார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ரத்தினசபாபதி வந்தார். நூலகத்தில் உரக்கப் பேசக் கூடாது என்ற விதியை அவர் ஒருநாளும் மதித்ததில்லை.

"வீரபாகு! தனியாளாகவா? யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது?"

"ஐயா, மெதுவா…"

"என் லேப்பில் குடுவை வெடித்தால் உடைத்த மாணவனையா கேட்பார்கள்? என்னைத்தான் கேட்பார்கள். கடைசியில் என் பெயர் நிற்பது அதற்குத்தான். பெருமைக்கென்று நானே மறந்துபோய்விட்டேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று சொன்னது என் வாய். தவறு என்னுடையது. நாற்காலி எங்கே?"

படித்துக்கொண்டிருந்த மாணவிகள் உஷ் என்றார்கள். துறைத்தலைவர் உட்கார்ந்தார்.

சாயங்காலம் உமையாள் வந்தார். வந்தவர் வீரபாகுவின் எதிரே உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"செப்பேட்டுல கடைசியில வெட்டினவன் பேரு இருக்கும், தெரியுமா?"

"படிச்சிருக்கேன், மேடம்."

"தானம் கொடுத்தது ராஜா. பாட்டுக் கட்டினது புலவர். இவன் வெறும் உளி பிடிச்சவன். இவன் பேரு எதுக்குன்னு இத்தனை வருஷம் பெருமையாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன், கலைஞனுக்கு மரியாதைன்னு. நேத்துதான் எனக்கு வேற மாதிரி தோணுச்சு. ஒரு எழுத்துப் பிசகி ஊர் எல்லை மாறிப்போனா யாரைக் கூப்பிட்டுக் கேட்கிறது? அதுக்காகவும் இருக்கலாமில்ல?"

வீரபாகு கட்டுரையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்த வியர்வை வாக்கியம் என்னது," என்றார் உமையாள். "நல்ல வாக்கியம்னு இப்பவும் சொல்வேன். ஆனா அது பொய். அது அழகா இருந்ததுனாலதான் மத்த யாரும் அட்டவணையைச் சரியாப் பார்க்கலை. எங்க இருந்து எண்ணணும், சொல்லுங்க."

*

கோடை வரை ஆகும் என்று வீரபாகு எழுதியிருந்தார். நான்கு பேர் உட்கார்ந்ததில் மாசி பாதியிலேயே முடிந்துவிட்டது.

நூலகத்தின் கோடி மேசையில் அப்படி ஒரு கூத்து அதற்கு முன் நடந்ததில்லை. ஏழுமலை தம் துறைக் கட்டுரைகளில் யார் எதைச் செய்தார் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தார். ரத்தினசபாபதி தம் மாணவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "உண்மையைச் சொல், நான் இதில் என்ன செய்தேன்?" என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறையச் செய்ததாகச் சொன்னார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் ஒன்றும் செய்யவில்லை என்றாள். அவர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். அன்று முழுக்க அந்தப் பெண்ணைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். உமையாள், ஒற்றைப் பெயரில் வந்த தமது பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்து, இதற்குக் கல்வெட்டைப் படியெடுத்தவர் ஒருத்தர், படம் பிடித்தவர் ஒருத்தர் என்று சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் சலித்து, "நான் தனியா எழுதினது என் கல்யாணப் பத்திரிகை ஒண்ணுதான் போல" என்றார். மாணவிகள் உஷ் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், வேறு மேசைக்கு மாறிவிட்டார்கள். வீரபாகு ஒவ்வொரு பக்கத்தையும் மற்ற மூவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். யாராவது ஒருவர் தலையாட்டவில்லை என்றால் அடுத்த பக்கம் போகவில்லை. அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

திருத்திய கட்டுரை போயிற்று. மதிப்பீட்டாளரிடமிருந்து இந்தத் தடவை சின்னதாகத்தான் வந்தது. "இப்போது சந்தித்திருக்கிறார்கள். வெளியிடலாம்."

பத்திரிகை பெயர்களைக் கேட்டது.

*

மார்ச் முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. வீரபாகு ஜெபராணியின் அறைக்குள் வந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"பேர் எழுதிட்டேன், மேடம்."

ஜெபராணி முதல் பக்கத்தை வாங்கிப் படித்தார்.

"வீரபாகு, ஏழுமலை, ரத்தினசபாபதி, உமையாள்."

"ஆமாம், மேடம்."

"இது அகரவரிசை இல்லையே."

"இல்லை."

"வயசு வரிசையும் இல்லை. பதவி வரிசையும் இல்லை."

"இல்லை, மேடம்."

"ஏழுமலை சார் ஒத்துக்கிட்டாரா?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. சண்டையே வரலை. யார் எப்ப வந்தோம்னு அவங்கவங்களுக்கே தெரியும்."

"என்ன வரிசை, சார், இது?"

"தப்பு என்னோடதுன்னு சொன்ன வரிசை."

ஜெபராணி அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "பிரமாதம், சார்," என்றார். "ரொம்பப் பிரமாதம்." வேறு யாராவது மாணவராக இருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். ஐம்பத்து நான்கு வயதுக்காரர் முதுகில் தட்ட முடியாமல் மேசையைத் தட்டினார்.

பிறகு பக்கத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். கைடு பெயரும் கட்டுரையில் சேருவது அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் கேட்காமலே நடக்கிற வழக்கம்.

"சார், என் பேரைக் காணோமே?"

வீரபாகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. நேராகவே பார்த்தார்.

"முதல் தடவை அனுப்பினப்ப அதைப் படிச்சு 'நன்று'ன்னு போட்டது நீங்க. நீங்க இன்னும் சொல்லலியே, மேடம்."

ஜெபராணி அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"பேனாவைக் கொடுங்க, சார். கடைசியில கொஞ்சம் இடம் இருக்கு."